கக்கத்துச் சூடு

"இடது கையைத் தூக்கு. கக்கத்துல என்ன?"

நாற்சந்தியின் நடுவில் ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு போலீஸ்காரர் கேட்டார். ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையை முறிந்த கை மாதிரி உடம்போடு இறுக்கிக்கொண்டு பறந்து வருகிறவனை எந்தப் போலீஸ்காரர்தான் விடுவார்? போதாக்குறைக்கு வண்டியின் முன்பக்கம் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கியது.

"சாவிக்கடை வச்சிருக்கேன் சார்" என்றார் வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் அத்தனை சாவியும் அந்தத் திருட்டு முழியும் சேர்ந்தால் நல்ல மனிதர் என்று யார் நம்புவது?

போலீஸ்காரரும் நல்ல மனநிலையில் இல்லை. அவருக்கு இன்றைக்கு லீவு. சிக்னல் படுத்துவிட்ட நேரம் பார்த்து அந்தப் பக்கமாகப் போன இவருக்குத் தொப்பியையும் விசிலையும் மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன் அண்ணே என்று டியூட்டிக்காரர் நழுவியிருந்தார். கட்டம்போட்ட சட்டையும் போலீஸ் தொப்பியுமாக, இவர் வலது கை ஒன்றை வைத்துக்கொண்டே நாலு பக்க வண்டிகளையும் மேய்த்துக்கொண்டிருந்தார். லீவு நாளில் இரண்டு கையையும் ஆட்டி வேலை பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா? எதிர்க் கட்டிடத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதும் டியூட்டிக்காரரைத் திட்டுவதுமாக இருந்த நேரத்தில்தான் சாவிக்கடைக்காரர் வந்து மாட்டினார்.

"கையைத் தூக்குன்னு சொன்னேன்."

"தூக்கினா ஆறிடும் சார்."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனை அலறவிட்டன. சாவிக்கடைக்காரருக்கு வியர்த்து ஊற்றியது.

அவருக்குக் கல்யாணமாகி நாலு வருடம், குழந்தையில்லை. மனைவி ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இவர் மட்டும் எனக்கென்ன குறைச்சல் என்று மீசையைத் தடவிக்கொண்டு, ஆஸ்பத்திரி நாற்காலியில் பத்திரிகை படித்தார். போன வாரம்தான் டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"குழந்தைக்கு ரெண்டு பேர் வேணும், டெஸ்டுக்கு மட்டும் ஒரு ஆள் போதுமா? கிட்டத்தட்ட பாதிப் பேர்ல குறை ஆம்பளைங்க பக்கமும் இருக்குதுங்க."

சரி என்று லேபுக்குப் போனார். அங்கே கொடுத்த குட்டி அறைக்கு வெளியே யாரோ இருமிக்கொண்டே இருந்ததில் காரியம் நடக்கவில்லை. வீட்டிலேயே எடுத்து, மூடிபோட்ட டப்பாவில், உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். ஆறினால் உள்ளே இருக்கிற உயிரணுக்கள் சுணங்கிவிடும், சோதனையை நம்ப முடியாது. ஒரு தடவை திரட்டிய தைரியத்தை மறுபடி திரட்டுவோம் என்ற நம்பிக்கை அவருக்குத் துளியும் இல்லை. மனைவி லேப் வாசலில் வேறு காத்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிறவருக்குத் தன் வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் போலீஸ்காரரின் காதோரம் எக்கி, எப்படியோ சொல்லி முடித்தார்.

"இனிமேலும் அவ மட்டும் ஊசி குத்திக்கிட்டு அழக்கூடாது சார். அதான் வேகமா வந்துட்டேன். தப்புதான்."

ஒரு ஸ்கூட்டரில் பல கோடிப் பேரை ஏற்றி வந்ததற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது? அதில் ஒரே ஒருவர் போய்ச் சேர்ந்தால் போதும், வீடு நிறைந்துவிடும். ஆனால் போலீஸ்காரர் இதற்கெல்லாம் சிரிக்கிற மாதிரி தெரியவில்லை. சாவிக்கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு விசிலை ஊதினார்.

டியூட்டிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். தொப்பியைக் கழற்றி அவர் தலையில் கவிழ்த்து, விசிலையும் அவர் கையில் திணித்துவிட்டு, போலீஸ்காரர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சாவிக்கடைக்காரர் வண்டியைக் கிளப்பினார். இத்தனை சொல்லியும் மனுஷனுக்கு இரக்கம் இல்லையே என்று நொந்துபோனார்.

"ஸ்டேஷனுக்கா சார்?"

"லேபுக்குய்யா. சீக்கிரம் போ, என்னுதும் ஆறிட்டிருக்கு."