மிஞ்சிய இரண்டு சாமான்கள்

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. வீடு பூரா சொந்தக்காரவுக இருக்காக" என்று கெஞ்சினார் மெக்கானிக் கண்ணுச்சாமி.

"எப்படிப்பா மெதுவாப் பேசுறது? எல்லாத்தையும் மாட்டியாச்சுன்னு நேத்து நீதானே சொன்ன? அப்ப இது ரெண்டும் என்ன, வானத்துல இருந்து குதிச்சதா?"

தனிஸ்லாஸ் நீட்டிய கையில் இரண்டு அலுமினியச் சாமான்கள் இருந்தன. ஒன்று கைக்கு அடக்கமான குழாய். இன்னொன்று கனத்த வளையம். கார் ஷெட்டில் விரித்திருந்த பழைய போர்வையை மடிக்கப் போனபோது அதன் மூலையில் கிடந்தன. இரண்டுமே கண்ணைப் பறிக்கும்படி மின்னின. மின்னாமல் என்ன செய்யும்? தேய்த்தது அவராயிற்றே!

பழங்காநத்தத்தில் குடியிருக்கும் தனிஸ்லாஸ் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அவருடைய பழைய பியட் காரைப் பார்த்துவிட்டு, மகள் ஜெஸிக்கும் ஸ்டீவுக்கும் நிச்சயதார்த்தம் நடந்த அன்று சம்பந்தி அத்தனை பேர் முன்னால் சிரித்துவிட்டார். "இன்னுமா இதை வச்சிருக்கீக? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்க சம்பந்தி!"

கார் வாங்கி விற்கிற மனிதர் சொன்ன சொல். தனிஸ்லாஸுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கல்யாணத்தன்று மகளை இதே காரில்தான் சர்ச்சுக்கு அழைத்துப் போவது, வாசலிலேயே பானெட்டைத் திறந்து சம்பந்தியின் வாயை அடைப்பது என்று முடிவு கட்டினார். லீவு போட்டார். கண்ணுச்சாமியை வைத்து எஞ்சினைக் கழற்றினார். உப்புத்தாளும் பாலிஷும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், கண்ணில் பட்ட அலுமினியத்தை எல்லாம் தேய்த்துத் தள்ளினார். நேற்று எல்லாவற்றையும் மாட்டி, திருப்பரங்குன்றம் வரை ஓட்டியும் பார்த்தாயிற்று. வண்டி வெண்ணெயாக ஓடியது.

நாளைக்குக் கல்யாணம். இன்றைக்குப் பார்த்து இந்த இரண்டும் முளைத்திருக்கின்றன.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடும்ணே. சூடு ஏறுனா மாட்டிக்கிட்டு நின்னுரும்."

"இது என்ன சாமான்? அதச் சொல்லு மொதல்ல."

கண்ணுச்சாமி வாங்கிப் பார்த்தார். எஞ்சின் விஷயத்தில் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார். வளையத்தை அதன் நுனியில் வைத்துத் திருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தீகளா, மரை எப்படிச் சேருதுன்னு! உள்ள மோந்து பாருங்க, எண்ணெய் வாடை. ஆயில் போற பாதைணே இது. பழைய வண்டிக்கு மட்டும்தான் வரும்."

"ஆமாமா, நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார் தனிஸ்லாஸ். அவருக்கும் கௌரவம் இருக்கிறதல்லவா?

அந்த நேரம் பார்த்து ஜெஸி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கை நிறைய மருதாணி.

"அப்பா, நாளைக்கு நம்ம கார்லதானே போறோம்? ஸ்டீவ்கிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன்."

"பின்ன? ராணி மாதிரி போறம்மா நீ" என்றவர், அவள் தலை மறைந்ததும் முகம் வெளிறிப்போனார். வெள்ளைக் கவுனும் கையில் பூங்கொத்துமாக மகள் நடுரோட்டில் நிற்க, பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடிக்கும் காட்சி கண்முன் ஓடியது.

"கழட்டிரு கண்ணுச்சாமி. இது எங்க இருந்ததோ அங்க மாட்டிரு."

"வேணாம்ணே. மறுபடி கழட்டுனா உள்ள இருக்கிற கேஸ்கெட் அட்டை தாங்காது, கிழிஞ்சிரும்."

"எம்மக நடுவழியில நிக்கிறதுக்கு அது கிழிஞ்சாலும் பரவாயில்ல!"

மறுபடியும் போர்வை விரிந்தது. எஞ்சின் துண்டு துண்டாக அதன் மேல் வந்து படுத்தது. கண்ணுச்சாமி பயந்தபடியே கேஸ்கெட் இரண்டாகக் கிழிந்து வந்தது. அது இல்லாமல் வண்டி ஓடாது; புதிது வேண்டுமென்றால் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். அது கிடக்கட்டும், அந்தக் குழாய்க்கு இடம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு ஓட்டை பெரிதாக இருந்தது, ஒரு ஓட்டை சிறிதாக இருந்தது.

வேறு வழியில்லாமல் தனிஸ்லாஸ் போனை எடுத்தார்.

"சம்பந்தி, நாளைக்குப் பொண்ணு வர்றதுக்கு... நீங்க ஒரு வண்டி அனுப்ப முடியுமா?"

அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு கண்ணுச்சாமி வரைக்கும் கேட்டது. போனை வைத்த தனிஸ்லாஸ் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. கண்ணுச்சாமி குழாயையும் வளையத்தையும் கையில் வைத்து மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

அப்போது கையெல்லாம் மாவாக வந்து நின்றாள் தனிஸ்லாஸின் மனைவி ஆனிமேரி.

"ஏங்க, அம்புட்டு மாவையும் பெசஞ்சாச்சு, எண்ணெயும் காஞ்சுபோச்சு. உங்க சாமானோட சேத்து இதையும் தேச்சு வைங்கன்னு பக்கத்துலயே வச்சுட்டுப் போனேன், நீங்களும் தலைய ஆட்டுனீக. இப்படியா திருப்பித் தராம இருப்பீக?" என்றவள், கண்ணுச்சாமியின் கையிலிருந்த குழாயையும் வளையத்தையும் வெடுக்கென்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முறுக்கு அச்சு புதுசு மாதிரிதான் மின்னுது... ஆமா, நேத்து நல்லா ஓடுன வண்டிய ஏன் இப்படிக் கழட்டிப் போட்டிருக்கீக?"