விளிம்பு வரைக்கும் காபி

"இன்னும் ஊத்து. விளிம்பு வரைக்கும் ஊத்துடி!"

பக்கத்து வீட்டு ராஜலட்சுமியம்மா ஆரம்பித்துவிட்டாள். மத்திகிரியில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இதே கூத்துதான். மருமகள் அனுப்ரியா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பாள். ஆனாலும் தளும்பத் தளும்பக் காபியை ஊற்றி, அடுப்படியிலிருந்து வாசல்வரை நடந்து வந்து மாமியாரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. அந்தம்மாவின் கண் காபிமேல் இருக்காது, மருமகளின் விரல்மேலேயே இருக்கும்.

அன்றைக்குச் சிந்திவிட்டது.

"கை ஆடுச்சாடி? சொல்லு, ஆடுச்சா?" அந்தம்மா போட்ட கூச்சலில் காம்பவுண்டே எட்டிப் பார்த்தது.

"இல்ல அத்தை. டம்ளர் சூடு. அவசரத்துல விட்டுட்டேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏம்மா, வேலைக்குப் போற புள்ளைய இப்படியா படுத்துவீங்க? நீங்கல்லாம் ஒரு மனுஷியா?" என்று கேட்டேவிட்டேன்.

அந்தம்மா முகம் வெளுத்துப்போய் உள்ளே போய்விட்டாள்.

அனுப்ரியா என் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு இழுத்து வந்தாள்.

"ரூபாக்கா, அத்தையத் திட்டாதீங்க. எங்கப்பா அவங்க கூடப்பொறந்த தம்பி. அவருக்கும் முதல்ல டம்ளர்தான் நழுவுச்சு. அப்புறம் கை தானா வெட்டி வெட்டி இழுத்துச்சு. நடை தள்ளாடுச்சு, பேச்சு குழறுச்சு. குடிச்சிருக்கான்னு கம்பெனி கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. அத்தையும் அப்படித்தான் நெனச்சுத் திட்டுனாங்க. பெங்களூர்ல காட்டின பிறகுதான் தெரிஞ்சுது, பரம்பரையா வர்ற நோயாம். குணப்படுத்த மருந்து இல்லையாம். பெத்த புள்ளைக்கும் வரலாம்னுட்டாங்க."

நான் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டேன்.

"அப்பா போனதும் என்னைக் கட்டிக்க யாரும் வரல. அத்தைதான் தன் பையனுக்கே கட்டி வச்சாங்க. எனக்கும் வந்துடுமோன்னு தினம் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு என் விரலையே பாக்குறாங்க."

"ஐயோ, அப்ப இன்னிக்கு உன் கை..." என் கண்ணும் அவள் விரலுக்குப் போனது.

"என் கை ஆடலக்கா." அவள் குரல் இறங்கியது. "நான் சிந்தாமத்தான் குடுத்தேன். வாங்குன கைதான் ஆடுச்சு. என் விரலைப் பாத்துட்டிருந்ததுல அவங்களுக்கு அது தெரியல."

தூரத்தில் கம்பெனி பஸ் திரும்பியது.

"பயமா இருக்குக்கா. அத்தைக்குன்னா, அப்புறம் அவங்க பையனுக்கும்..." முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் எனக்கு டெஸ்ட்டுன்னு சொல்லி அவங்களையும் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் அரை டம்ளர்தான் ஊத்தணும். அரை டம்ளர்னா கை ஆடினாலும் சிந்தாதுல்ல?"

மறுநாள் காலை.

"ஏண்டி, பாதிதான் இருக்கு? விளிம்பு வரைக்கும் ஊத்து!"

"பால் பத்தல அத்தை."

"நேத்து வாங்கின பாலு எங்கடி போச்சு?"

அனுப்ரியா திணறுவது எனக்குக் கேட்டது.

"நான்தாம்மா கடன் வாங்கிட்டேன்!" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "அடுத்த வாரம் வரைக்கும் தினம் வாங்குவேன்!"