இன்னும் ஒரு சொட்டு நீலம்

வலது கண்ணை மூடினார். சுவர் மஞ்சள்.

இடது கண்ணை மூடினார். சுவர் வெள்ளை.

வலது கண்ணில் புரை நீக்கி இன்றோடு ஐந்து நாள். இடது கண் இன்னும் பாக்கி. கட்டைப் பிரித்ததிலிருந்து வீடு முழுக்க இதே விளையாட்டுதான். வேட்டி, பால், உப்பு டப்பா. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தன் பாடம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். வந்தது வினை.

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறம் கலப்பது பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றும் இல்லையே என்று, ஆறு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடியோ பாடங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறார். எல்லாம் இலவசம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி: யாரும் எடுக்கலாம், நகலெடுக்கலாம், பகிரலாம், என்னைக் கேட்க வேண்டாம்.

திரையில் அவருடைய கை ஒரு பெண்ணின் முகத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒரு சொட்டு நீலம்” என்றது அவருடைய குரல்.

முகம் ஏற்கெனவே நீலம் பாரித்திருந்தது.

அடுத்த பாடம். இன்னும் ஒரு சொட்டு.

அதற்கடுத்தது. இன்னும் ஒரு சொட்டு.

புரை மூடிய கண்ணுக்கு நீலம் எட்டவில்லை. எட்டும்வரை ஊற்றியிருக்கிறார். அதையே ஊருக்கெல்லாம் சொல்லியும் கொடுத்திருக்கிறார்.

ஒரு பாடத்தை அழித்தார். தேடினால், அதே பாடம் வேறு எட்டுப் பேருடைய பக்கங்களில் கிடந்தது. ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் எழுத்தாக்கி, படம் சேர்த்து, மின்னூலாகவே போட்டிருந்தார். என்னைக் கேட்க வேண்டாம் என்று சொன்னவர், இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதுதான் இசக்கிராணி நினைவுக்கு வந்தாள்.

கடையநல்லூரில் தையல் வேலை பார்ப்பவள். புகைப்படத்தைப் பார்த்து முகம் வரைந்து கொடுப்பதையே தொழிலாக்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். நாலு வருடத்துக்கு முன், பாடத்தின் அடியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க சார். முகத்துல நீலம் தூக்கலாத் தெரியுதே?”

அவருடைய பதிலும் அங்கேயே இருந்தது. உங்கள் கண் இன்னும் பழகவில்லை அம்மா. பழகினால் தெரியும்.

படிக்கவே கூசியது.

அவளுடைய பக்கத்தைத் திறந்தார். பழைய படங்களில் ஒரு மாமனார், ஒரு கைக்குழந்தை, பீடி சுற்றும் பெண்கள். தோல் தோலாகவே இருந்தது. வாழ்நாள் முழுக்க இவருக்குக் கைவராத நிறம்.

கேள்வி கேட்ட தேதியைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு படமாக நீலம் ஏறியது.

கடைசிப் படத்தில் அவளுடைய மகள் சிரித்துக்கொண்டிருந்தாள், தண்ணீரில் மூழ்கிக் கிடந்தவளை வெளியே எடுத்தது போல.

அதன் கீழே இவர் எழுதியிருந்தார்: இப்போதுதான் கண் பழகியிருக்கிறது. வாழ்த்துகள்.

நடந்ததை ஒளிக்காமல் அவளுக்கு எழுதினார். அன்று நீங்கள் சொன்னதுதான் சரி அம்மா. தவறு என் கண்ணில். பழையபடியே வரையுங்கள். மன்னித்துவிடுங்கள்.

மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

“பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன் சார். பழசெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு. நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சரி. படம் கேட்டு வந்தவங்கதான் நீலமா இருக்குன்னு திருப்பித் தந்துட்டாங்க. இப்ப யாரும் வாரதே இல்ல. அவங்க கண்ணு இன்னும் பழகல சார்.”

அவர் போனை மடியில் வைத்தார். பிறகு எடுத்தார்.

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தச் சிறுமியின் படத்தை மறுபடி பார்த்தார்.

முகம் சரியாக இருந்தது.