தெரியுதாம்மா?

கண்ணில் ஒளி பட்டதும் எழும் நரம்புச் சைகையை உடனே அணைத்துவிட ஒரு புரதம் இருக்கிறது. விளக்கே போடாத கிடங்கில் வேலை செய்வதற்காக, அந்தப் புரதத்தை மந்தமாக்கும் சொட்டு மருந்தை சுகிர்தாவுக்கு விட்டிருந்தார்கள். கொஞ்சம் ஒளி பட்டாலும் அது கண்ணில் நெடுநேரம் தங்கியதால், இருட்டில் பெட்டிமேல் இருக்கும் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. ஆனால் அசைகிற எதுவும் வெறும் தீற்றலாகத்தான் தெரியும்.

மகள் ஆதினிக்கு இது பழகிவிட்டது. அம்மாவிடம் எதையாவது காட்ட வேண்டுமென்றால் அசையாமல் நின்றுவிடுவாள்.

பள்ளி விளையாட்டு விழாவில், கறுப்புக் கண்ணாடியோடு கயிற்றோரம் நின்ற சுகிர்தாவின் முன்னால் நிறத் தீற்றல்கள் பாய்ந்து வந்தன. திடீரென்று அதில் ஒன்று முகமாயிற்று. முதலாவதாக ஓடிவந்த ஆதினி பாதி வழியில் நின்றிருந்தாள்.

"ஏய், ஏன்டா நின்னுட்ட? ஓடு!" என்று கத்தினான் கணவன் பிரபு.

"அம்மா, நான்தான் ஃபர்ஸ்ட் வர்றேன். தெரியுதா?"

மற்ற தீற்றல்கள் அவளைத் தாண்டிப் போயின.

"தெரியுதுடி செல்லம். நீ ஓடும்போதும் நல்லாத் தெரியுது. ஓடு!"

முகம் கரைந்தது. சுகிர்தா அதே இடத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே இருந்தாள். பிரபு அவள் தோளைப் பிடித்து, ஆதினி போய்ச் சேர்ந்த பக்கம் மெதுவாகத் திருப்பிவிட்டான்.