கடைசித் தண்ணீருக்கு வினாகிரி

துறைமுகத்தின் மத்தியானச் சங்கு ஊதி ஓய்கிறது. காற்று அசையவில்லை. கொடியில் மற்றத் துணிகள் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்க, இரத்தினசிங்கத்தின் வெள்ளைச் சட்டை மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. கட்டைபறிச்சானுக்குப் போன அவனுடைய வள்ளம் கொட்டியாரக் குடாவில் கவிழ்ந்து நாளையோடு முப்பத்தொரு நாள். உடல் கிடைக்கவில்லை. நாளை அந்தியேட்டிச் சடங்கின் படையலில் வைப்பதற்காக, தானே தோய்த்து அலுமாரியில் மடித்து வைத்திருந்த இந்தச் சட்டையைக் காலையில் மனைவி குணேஸ்வரி எடுத்தபோது, அது உப்புப் பூத்துப் பலகையாக விறைத்திருந்தது. கடலுக்கு அவன் உடுத்திப் போன சட்டை இது இல்லை. "கடைசித் தண்ணியில கொஞ்சம் வினாகிரி விடுங்க அக்கா, உப்பு விட்டு மெத்தெண்டு வரும்," என்று பக்கத்து வீட்டு லைலா வேலிக்கு மேலால் போத்தலை நீட்டினாள். கிணற்று நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, நாலாந் தரம் அந்தப் புளிக்காடியை விட்டுப் பிழிந்து போட்டு நாலு மணித்தியாலம் ஆகிறது. லைலா கழுத்துப்பட்டியை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கிறாள். "காஞ்சாத்தானே அக்கா வினாகிரி மணம் போகும். இது ஈரம். மணமே இல்ல." குணேஸ்வரி கீழ் மடிப்பில் திரளும் துளியை விரலில் ஏந்தி நாக்கில் வைக்கிறாள். புளிப்பில்லை. உப்புக் கரிக்கிறது. "ஐயரை நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லவேணும் லைலா. இவர் இன்னும் தண்ணிக்குள்ளதான் நிக்கிறார்."