அரைக் கட்டை

"யோவ் ஆர்லன், உனக்குக் காது போயிடுச்சுய்யா," என்றார் டுவேன்.

அவர் கையில் இருந்த ஃபோனில் சுருதி பார்க்கும் டியூனர். அன்று காலைதான் இறக்கியிருந்தார்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் பாட்டுக் குழுவின் நால்வரும் ஒத்திகைக்கு நின்றிருந்தார்கள். பக்கவாத்தியம் கிடையாது. ஆர்லன் வட்டமான சுருதிக்குழலை ஒரு முறை ஊதுவார். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

"இன்னொரு தடவை ஊது."

ஆர்லன் ஊதினார்.

"பாத்தியா, அரைக் கட்டை கம்மி. பக்கத்துத் துளையை ஊதறே."

"கண்ணாடி போடலை."

"மூக்குமேல இருக்கறது என்ன?"

ஆர்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடுப்பா," என்றார் கோர்டி, கீழ்க்குரல்காரர். "அரைக் கட்டைய எந்த நடுவரும் கேக்க மாட்டாரு."

"எழுதின சுருதின்னு ஒண்ணு இருக்கில்ல? சனிக்கிழமை டுலூத் போட்டில மத்த குழுவெல்லாம் சிரிக்கணுமா? பாட்டோட உச்சி ஸ்வரத்த நான் அசையாம பிடிக்கிறேன். இவன் காதால அது வீணாப் போகுது. குழலை இப்படிக் குடு. போட்டிக்கும் வேற ஆளைப் பாத்துக்கலாம்."

ஆர்லன் கோர்டியைப் பார்த்தார். கோர்டி கூரையைப் பார்த்தார். நாலாவது ஆள் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.

ஆர்லன் குழலைக் கொடுத்தார்.

டுவேன் சரியான துளையை ஊதினார். டியூனரில் பச்சை விளக்கு. பாட்டு நன்றாகத்தான் ஏறியது. உச்சியில் டுவேனின் கழுத்து புடைத்து, முகம் பீட்ரூட் ஆயிற்று. குரல் உடைந்தது. மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

காபி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மார்லிஸ், கைப்பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையில் பட்டையைச் சுற்றினாள்.

"நூத்தி எண்பது. பேசாம உக்காருங்க. உச்சி ஸ்தாயியே கூடாதுன்னு டாக்டர் சொன்னதை இவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பாட விடுவாங்களா?"

"டாக்டரா? எப்போ சொன்னாரு?" என்றார் கோர்டி.

"ஈஸ்டருக்கு முன்னாடி," என்றாள் மார்லிஸ்.

"அதுக்கப்புறமும் வாராவாரம் பாடினானே. ஒண்ணும் ஆகலையே?"

"அதைத்தான் அந்த டாக்டர்கிட்ட நானும் சொல்றேன்," என்றார் டுவேன், மூச்சு வாங்க. "என் தொண்டை அப்படி."

மார்லிஸ் பட்டையை அவிழ்த்தாள்.

"உங்க தொண்டை இல்லை. டாக்டர் சொன்ன அன்னிக்கே நான் ஆர்லனுக்கு ஃபோன் பண்ணினேன்."