ஆக்சில் தாங்குமா

முகூர்த்தம் நெருங்கையில் கல்யாண லாரி மலைச்சேற்றில் சிக்கியது. நாலு சக்கரமும் இழுக்கிற லாரி. அதில் ஒச்சப்பனின் மகன் புதிதாகப் பெரிய இன்ஜினைப் பொருத்தியிருந்தான். அவருக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை.

“அந்த இன்ஜின் முறுக்குற முறுக்குல சக்கரத்தைத் தாங்குற ஆக்சில் ரெண்டாப் போயிரும். எல்லாரும் இறங்குங்க” என்று மணப்பெண்ணான மகளையும் இறக்கிவிட்டார்.

பாரமில்லாத லாரி பிடிமானமின்றிச் சக்கரத்தைச் சுழற்றி, பட்டுச்சேலைகளில் சேற்றை வாரியடித்தது. மகள்தான் முதலில் சிரித்தாள்.

ஒச்சப்பன் முகத்தைத் துடைத்தார். “சரி, ஏறித் தொலைங்க” என்றவர் மைத்துனரைப் பார்த்தார். “ மாப்ளே வீரணா, தொப்பையோட பின்சக்கரத்துக்கு நேர் மேல உக்காரு.”

லாரி உறுமி நகர்ந்தது. அடியில் இரும்பு முனகியது.

“தாங்குமா மச்சான்?” என்றார் வீரணன்.

“தாங்காட்டி நானும் சேந்து உருளுறேன், பேசாம வா” என்று ஓடிவந்து பின்கதவில் தொற்றிக்கொண்டார் ஒச்சப்பன். வளைவுக்கு மேலே கல்யாண மேளம் கேட்டது.